அளவு ஏறியும் மாறாத மாத்திரை

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

உயர் இரத்த அழுத்தத்தை 140/90-க்குக் கீழே கொண்டுவர வேண்டும், அழுத்தத்தைக் குறைக்கும் ஆம்லோடிபின் மாத்திரையை 5 மி.கி.யில் தொடங்கி ஒரு மாதத்தில் கட்டுப்படாவிட்டால் அளவைக் கூட்டவோ வேறொரு மருந்தைச் சேர்க்கவோ வேண்டும் என்ற நெறிமுறை மருத்துவர்கள் அறியாததல்ல. ஆனால், என் தாயாரின் சிகிச்சை நோட்டில் தொடர்ந்து நான்கு மாதங்கள் 158/94, 162/96, 156/92, 160/94 என்று பதிவாகியிருக்க, ஒவ்வொன்றின் கீழும் 'அதே மாத்திரை' என்றே எழுதியிருக்கிறார்கள்.

இதில் மருத்துவரை மட்டும் குறைசொல்ல மனம் வரவில்லை. மாடிப்படி ஏறி மூச்சு வாங்க வந்தவரை ஐந்து நிமிடமாவது உட்காரவைக்காமல், ரவிக்கைக் கையின் மீதே பட்டையைச் சுற்றி ஒரே முறை அளந்தால், அந்த எண்ணை நம்பி மருந்தைக் கூட்ட யாருக்கும் தயக்கம் இருக்கத்தான் செய்யும். போதாக்குறைக்கு, 2017-இல் அமெரிக்க வல்லுநர்கள் 130/80-ஐயே உயர் அழுத்தம் என வரையறுத்ததும் குழப்பத்தைக் கூட்டியது.

2021-இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தால் மாத்திரை வீட்டுக்கே வருவது பெரும் உதவி. எனினும், செவிலியர் இருமுறை அளந்து, அடுத்தடுத்த இரு மாதங்கள் மேல் எண் 140-ஐத் தாண்டினால் சிவப்பு மையில் குறித்து மருத்துவரின் பார்வைக்கு அனுப்பும் வழக்கத்தைச் சுகாதாரத் துறை கட்டாயமாக்க வேண்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர்,
தஞ்சாவூர்.