உப்புக் காற்றும் டிஷ் இணைப்பும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

மண்டபம், பாம்பன், ராமேசுவரம் பகுதி வீடுகளில் டிவி திரையில் ‘சிக்னல் இல்லை’ என்று வந்தவுடன், பழுது பார்க்க வருபவர்கள் செட்டாப் பாக்ஸை மாற்றச் சொல்வது வழக்கமாகிவிட்டது. என் வீட்டிலும் அவ்வாறே இரண்டு பெட்டிகள் மாற்றப்பட்டன. பழுதோ மொட்டை மாடியில், டிஷ்ஷின் முன்னால் நீட்டிக்கொண்டு அலைகளைப் பெறும் கருவியான எல்.என்.பி.யோடு கேபிள் சேரும் இடத்தில், பச்சைக் களிம்பு பூத்துக் கிடந்த கனெக்டரில் இருந்தது.

செட்டாப் பாக்ஸ் அதே கேபிள் வழியாகத்தான் எல்.என்.பி.க்கு மின்சாரமும் அனுப்புகிறது. பொதுவாக, செங்குத்தாக அதிரும் அலைகளில் வரும் சேனல்களைப் பெற 13 வோல்ட், கிடைமட்டமாக அதிரும் அலைகளில் வருபவற்றைப் பெற 18 வோல்ட். உப்புக் காற்றில் அரித்த இணைப்பு இந்த மின்னழுத்தத்தைக் குறைத்துவிடும்போது, 18 வோல்ட் தேவைப்படும் சேனல்கள் மட்டும் மறைந்து, மற்றவை பளிச்சென்று தெரியும். எனவே பாதிச் சேனல்கள் மட்டும் வரவில்லையென்றால் முதலில் கனெக்டரைப் பார்ப்பதே முறை. (மார்ச் மாத நடுவிலும் செப்டம்பர் மாத இறுதியிலும் சில நாள்கள் பகலில் சில நிமிடங்கள் மட்டும் படம் போவது, சூரியன் செயற்கைக்கோளுக்கு நேர் பின்னால் வருவதால், அது பழுதே அன்று.)

கடலோர ஊர்களில் டிஷ் பொருத்துவோர், கனெக்டரின் மீது நீர் புகாத ரப்பர் டேப் சுற்றுவதையும், மழைநீர் வழிந்து உள்ளே இறங்காதபடி கேபிளைச் சற்றுத் தொங்கலாக வளைத்து விடுவதையும் கட்டாயமாக்க வேண்டும் என, சேவை நிறுவனங்களைத் தங்கள் நாளிதழ் வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வாசகர், மண்டபம்.