ஒன்பது வகைச் சாப்பாட்டுக்குப் போகும் மகளுக்கு

அன்புள்ள கண்ணு,

ருசி பார்த்து எழுத உன்னைக் கூப்பிட்ட ஓட்டலின் பட்டியலை நீ அனுப்பியிருந்தாய், படித்தேன். பெங்களூரா மாங்காய்க் கீற்றில் ஆரம்பித்து கொள்ளு ரசம், சாமை அடை, கேழ்வரகுக் களி, கீரைக் கடைசல், அணை மீன் வறுவல், நாட்டுக்கோழிக் குழம்பு, மோர், கடைசியில் மாம்பழ இனிப்பு. ஒன்பதும் நம்ம கிருஷ்ணகிரிப் பக்கத்துச் சாப்பாடு. ஊர்ச் சாப்பாட்டை ஒரு ஓட்டல் இப்படி வரிசைப்படுத்தி, சாப்பாட்டைப் பற்றி எழுதுகிறவர்களைக் கூப்பிட்டு உட்கார வைப்பது எனக்குச் சந்தோஷம். நீ எழுதப்போவதை நம்பி ஜனங்கள் காசு செலவழித்து வருவார்கள். அதனால் கொஞ்சம் விவரமாகவே எழுதுகிறேன்.

அன்றைக்கு உன் முன்னால் வருவது, பதினைந்து இருபது பேருக்காக மாஸ்டரே அடுப்படியில் நின்று பார்த்து அனுப்பும் தட்டு. ஞாயிற்றுக்கிழமை மதியம் கூட்டத்தில் ஒரு குடும்பத்துக்கு வருவது உதவிக்காரர் எடுத்து வைக்கும் தட்டு. இந்த இரண்டுக்கும் நடுவில் எவ்வளவு தூரம் என்று கண்டுபிடிப்பதுதான் உன் வேலை. மற்றதெல்லாம் அதற்குப் பிறகு.

முதலில் வயிறு. ஒரு வகைக்கு 40 முதல் 60 கிராம் வைப்பார்கள். ஒன்பதும் சேர்ந்தால் அரைக் கிலோவுக்குப் பக்கம் வரும், தண்ணீரும் மோரும் தனி. பட்டினியாகப் போகாதே. பசியோடு உட்கார்ந்தால் முதல் மூன்று வகையும் தேவாமிர்தமாகத் தெரியும், ஏழாவது வகைக்கு நாக்கு ஒத்துழைக்காது. நாலு மணி நேரம் முன்னால் இரண்டு இட்லியோ ஒரு கிண்ணம் தயிர் சாதமோ போதும். காப்பி, வெற்றிலை, புதினா மிட்டாய் மூன்றும் இரண்டு மணி நேரத்துக்கு முன்பே நிறுத்தம். சென்ட் போடாதே, தலையில் மல்லிகையும் அன்றைக்கு வேண்டாம். ருசி என்று நாம் சொல்வதில் பெரும்பகுதி வாசனைதான். மென்று விழுங்கும்போது தொண்டை வழியாக மூக்குக்கு ஏறும் வாசனைக்கு மல்லிகை குறுக்கே நிற்கும். உனக்கு மட்டுமல்ல, பக்கத்தில் உட்காருகிறவருக்கும் கெடும்.

உட்கார்ந்ததும் வரவேற்பு என்று மாம்பழ ஜூஸ் நீட்டுவார்கள். மரியாதைக்கு ஒரு வாய் குடித்துவிட்டு வை. இனிப்பு நாக்கில் இருக்கும்போது மாங்காய் கூடுதலாகப் புளிக்கும், அது சமைத்தவர் தவறாகிவிடாது. குடிக்க ஐஸ் தண்ணீர் கேட்காதே. குளிர்ச்சியில் நாக்கு மரத்துப்போகும். ஒவ்வொரு வகைக்கும் நடுவில் இரண்டு மடக்கு சாதாரணத் தண்ணீர் போதும். வறுவலுக்கும் கோழிக்கும் பிறகு மட்டும் வெதுவெதுப்பான தண்ணீர் கேள், நாக்கில் படிந்த எண்ணெய் அதில்தான் போகும். காரம் பிடித்துக்கொண்டால் தண்ணீர் உதவாது, மோர்தான் இறக்கும். பாலில் உள்ள புரதம் மிளகாயின் காரச்சத்தைப் பிடித்துக்கொண்டு போகிறது. ஆனால் மோர் குடித்த வாயோடு அடுத்த குழம்பை எடைபோடக் கூடாது. நாலைந்து நிமிஷம் விடு.

ஒவ்வொரு வகையிலும் மூன்று வாய். முதல் வாய் தனியாக, தொட்டுக்கொள்ள எதுவும் இல்லாமல். இரண்டாவது வாய் அவர்கள் சொன்ன சேர்மானத்தோடு. மூன்றாவது, தட்டு ஆறிய பிறகு. மூன்றாவதைத்தான் பலபேர் விட்டுவிடுகிறார்கள். பரிமாறுவது தாமதமாகும் நாளில் வாடிக்கையாளர் சாப்பிடப்போவது அந்த ஆறிய வாய்தான். உப்பைப் பற்றி ஒன்று: சாப்பிடச் சாப்பிட நாக்கு உப்புக்குப் பழகிவிடும். ஏழாவது எட்டாவது வகையில் உப்பு குறைவு என்று தோன்றினால் உடனே எழுதிவிடாதே. ஒரு பிடி வெறும் சோறு கேட்டு வாங்கித் தின்று, தண்ணீர் குடித்து, மறுபடி ஒரு வாய் பார்த்துவிட்டு எழுது.

இனி களி. அந்தப் பட்டியலிலேயே ஏமாற்ற முடியாதது களிதான், அதனால் அதில் அதிக நேரம் செலவழி. நம்ம பக்கத்துக் களிக்கு நொய் போடுவார்கள். ஒரு டம்ளர் கேழ்வரகு மாவுக்குக் கால் டம்ளர் அரிசி நொய், சுமார் மூன்று டம்ளர் தண்ணீர். நொய் குழைய வெந்த பிறகு மாவைக் குவியலாகக் கொட்டி, துடுப்புக் காம்பால் நடுவில் குழி போட்டு, மூடி, சிறு தீயில் ஏழெட்டு நிமிஷம் விட வேண்டும். அதற்குப் பிறகுதான் கிண்டுவது. அவசரத்தில் மாவைக் கொட்டியதுமே கிண்டினால் உள்ளே வேகாத மாவுக்கட்டி நிற்கும். சோதனை சுலபம்: விரலைத் தண்ணீரில் நனைத்துக் களியைத் தொடு. ஒட்டாமல் வந்தால் வெந்திருக்கிறது. பல்லில் ஒட்டி, பச்சை மாவு வாசனை வந்தால் வேகவில்லை. களியை மெல்லக் கூடாது, உருட்டிக் குழம்பில் தோய்த்து விழுங்க வேண்டும். பல வீடுகளில் களிக்கு உப்பே போடுவதில்லை. ஆகவே வெறும் களியைத் தின்றுவிட்டுச் சப்பென்று இருக்கிறது என்று எழுதினால் அது எழுதினவருடைய பிழை. இன்னொரு விஷயம், ஸ்பூன் வைத்துக் கொடுத்தாலும் கையால் சாப்பிடு. சூடும் இழுவையும் விரலுக்குத்தான் தெரியும். நாலைந்து நிமிஷத்தில் மேலே ஏடு கட்டிக் களி இறுக ஆரம்பிக்கும். இத்தனை பேருக்கும் ஒரே நேரத்தில் சூடாக வந்ததா, கடைசி மேஜைக்கு இறுகிப் போய் வந்ததா என்று பார். சமையற்கட்டின் ஒழுங்கு அதில் தெரிந்துவிடும்.

கொள்ளு ரசத்தில் வேகவைத்த தண்ணீரின் கனம் இருக்க வேண்டும். கொள்ளைக் கருக வறுத்திருந்தால் விழுங்கிய பிறகு அடித்தொண்டையில் கசப்பு நிற்கும். சாமை அடைக்கும் கீரைக் கடைசலுக்கும் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. அடை ஓரம் மொறுமொறுப்பும் நடு மெத்தென்றும் இருந்தால் சரி, கடைசலில் கீரையின் பச்சை நிறம் பழுப்பாகியிருந்தால் வெகு முன்னாடியே செய்து சூடுபடுத்தியிருக்கிறார்கள்.

மீனுக்கு வா. கிருஷ்ணகிரி அணை மீன் என்று போட்டிருக்கிறார்கள். என்ன மீன் என்று கேள். கட்லா, ரோகு, ஜிலேபி என்று பெயர் சொல்லாமல் அணை மீன் என்று மட்டும் சொன்னால் போதாது. தேங்கிய தண்ணீர் மீனில் சில சமயம் மண்வாடை வரும். தண்ணீரில் வளரும் நுண்ணுயிர்களும் பாசியும் உண்டாக்கும் ஒரு பொருள் மீனின் சதையில் ஏறுவதால் வருவது அது. புளித்தண்ணீரிலோ எலுமிச்சையிலோ ஊறவைத்துக் கழுவினால் பெருமளவு அடங்கும். அந்த வாடை இருந்தால் மசாலாவைக் குறை சொல்லாமல் கழுவலைக் குறை சொல். எண்ணெய் 170 முதல் 180 டிகிரி சூட்டில் இருந்தால்தான் மேல்தோல் மூடிக்கொள்ளும். சூடு குறைந்தால் மசாலா உதிர்ந்து மீன் எண்ணெய் குடிக்கும். துண்டை ஒரு டிஷ்யூ தாளில் அரை நிமிஷம் வைத்துப் பார், தாள் சொல்லிவிடும். கட்லாவிலும் ரோகுவிலும் சதைக்குள் கவைபோல் பிரிந்த சின்ன முட்கள் இருக்கும். விளக்கு மங்கலான அறையில் இந்த மீனைப் பரிமாறுவது சரியில்லை, குழந்தைகளோடு வருகிறவர்களுக்காகவாவது அதை எழுது.

கோழி நாட்டுக்கோழிதானா என்பது எலும்பிலும் நாரிலும் தெரியும். எலும்பு கெட்டியாக இருக்கும், சதை பற்களுக்கு வேலை கொடுக்கும். பஞ்சு மாதிரி உதிர்ந்தால் விசாரி.

மாம்பழ இனிப்பில்தான் நீ கறாராக இருக்க வேண்டும். ஆனி மாதத்தில் போகிறாய். செந்தூரா முன்னால் வந்து முன்னால் முடிகிற ரகம், நீலம் கடைசியில் வருவது. எந்த ரகம், தோட்டத்துப் பழமா, டின் கூழா என்று கேள். இங்கே கூழ்த் தொழிற்சாலைகளுக்கு அதிகம் போவது பெங்களூராதான். டின் கூழ் போடுவது குற்றமில்லை, நம்ம ஊர் விவசாயியின் விளைச்சல்தான் அது. ஆனால் சூடுபடுத்தி அடைத்த கூழில் புதுப் பழத்தின் வாசனை இருக்காது, வெந்த வாசனை லேசாக இருக்கும். பட்டியலில் தோட்டத்துப் பழம் என்று போட்டுவிட்டுக் கூழ் பரிமாறினால் அதை எழுதாமல் விடாதே. ஃபிரிட்ஜிலிருந்து நேராக வந்தால் கால் மணி நேரம் விட்டுச் சாப்பிடு, அதுவரை வாசனை வெளியே வராது. முந்திரி ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு மாங்காய்த் தோலும் அதன் காம்பில் வடியும் பாலும் அரிப்பு தரலாம். உன்னோடு வருகிற சிநேகிதிக்கு அப்படி ஏதாவது இருந்தால் இரண்டு நாள் முன்பே ஓட்டலுக்குச் சொல்லச் சொல்.

போட்டோவுக்கு ஒரு தட்டுக்கு ஒரு நிமிஷம், அதற்கு மேல் வேண்டாம். ஜன்னலோரம் இடம் கேள். ஃபிளாஷ் போட்டால் வாழை இலை மினுங்கி, குழம்பின் மேல் வெள்ளைத் திட்டு விழும். களி கருநிறம் என்பதால் போன் தானாகவே வெளிச்சத்தைக் கூட்டிச் சாம்பல் நிறமாக்கிவிடும். திரையில் களியின் மேல் தொட்டு, வெளிச்சத்தைக் கீழே இழுத்துவிட்டு எடு. பட்டியல் அட்டையையும் கல்லாவுக்குப் பக்கத்தில் மாட்டியிருக்கும் 14 இலக்க உணவுப் பாதுகாப்பு உரிம எண்ணையும் ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்.

குறிப்பு எழுதும்போது 'அருமை', 'வேற லெவல்' இரண்டும் கூடாது. வந்தபோது சூடு எப்படி, முதலில் என்ன வாசனை, உப்பு புளி காரம் எந்த வரிசையில் வந்தது, எண்ணெய் எவ்வளவு. இவ்வளவுதான், ஒரு வகைக்கு நாலு வரி. சாப்பாடு பரிமாறிக்கொண்டிருக்கும்போது மாஸ்டரிடம் கேள்வி கேட்காதே, அவர் கவனம் சிதறினால் அடுத்த தட்டு கெடும். முடிந்த பிறகு மூன்று கேள்வி கேள்: இந்த ஒன்பதில் தினமும் கிடைப்பது எவை, அப்போது அளவு என்ன, விலை என்ன. இந்த மூன்றும் இல்லாத எழுத்து சாப்பிடப் போகிறவருக்கு உதவாது.

காசு கொடுக்காமல் சாப்பிட்டதை முதல் வரியிலேயே சொல்லிவிடு. இப்படி அறிவிக்க வேண்டும் என்று விளம்பரத் தர அமைப்பின் (ASCI) விதி 2021 ஜூன் 14 முதல் நடப்பில் இருக்கிறது. நுகர்வோர் துறையும் 2023 ஜனவரியில் வழிகாட்டுதல் வெளியிட்டது. இலவசச் சாப்பாடும் பிரதிபலன்தான். நீ தமிழில் எழுதினால் அறிவிப்பும் தமிழில் புரியும்படி இருக்கட்டும், ஹேஷ்டேக் கூட்டத்துக்குள் ஒளித்து வைப்பது செல்லாது. 15 விநாடி வீடியோ என்றாலும் குறைந்தது 3 விநாடி அந்த வரி திரையில் நிற்க வேண்டும். தவறான விளம்பரத்துக்கு 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் 10 லட்சம் வரை அபராதம் உண்டு, திரும்பச் செய்தால் 50 லட்சம் வரை. 'ஓட்டல் அழைத்தது, நான் பணம் கொடுக்கவில்லை' என்று எழுதினால் யாரும் உன்னைக் குறைவாக நினைக்க மாட்டார்கள். பரிமாறிய பையன்களுக்கு மட்டும் கையில் ஏதாவது கொடுத்துவிட்டு வா. வீட்டுக்குக் கட்டித் தரும் பார்சலை வாங்காதே.

எழுதுவதற்கு முன் ஒரு தடவை சொல்லாமல் போ. ஞாயிறு ஒரு மணிக்கு, கூட்டம் நிரம்பியிருக்கும்போது, காசு கொடுத்துக் களியும் மீன் வறுவலும் மட்டும் வாங்கு. அதே அளவா, அதே சூடா, எத்தனை நிமிஷத்தில் வந்தது என்று குறித்துக்கொள். அன்றைய குறிப்பையும் இந்தக் குறிப்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எழுது. இரண்டும் ஒத்துப்போனால் தாராளமாகப் புகழ், ஊருக்கே பெருமைதான். ஒத்துப்போகாவிட்டால் எது மாறியது என்று மட்டும் சொல், கோபம் வேண்டாம்.

நம்ம ஊரில் ரயில் நிலையம் இல்லாததால் ஜோலார்பேட்டையில் இறங்கிப் பஸ் பிடிக்க வேண்டியிருக்கும். இரவில் அலையாமல் முந்தின நாளே வீட்டுக்கு வந்துவிடு. தை மாதத்துக்கும் அந்த ஓட்டல்காரர்கள் இதே மாதிரி பட்டியல் போடுவார்களா என்று மறக்காமல் கேட்டு வா. பிதுக்கம்பருப்புக் குழம்பு, அதாவது தோல் பிதுக்கிய மொச்சைக் குழம்பு, அதில் இருந்தால், அதை எப்படிப் பார்க்க வேண்டும் என்று தனியாக எழுதுகிறேன்.

அன்புடன்,
அப்பா