வழியில் நின்ற ஒன்பது நிமிடங்கள்

அன்புள்ள வசந்தி,

நான்கு மாதங்களாக உனக்கு ஒரு வரிகூட எழுதாமல் இருந்ததற்கு என்னிடம் தகுந்த காரணம் எதுவும் இல்லை. பயிற்சியைக் காரணம் காட்டலாமென்றால், பயிற்சி அட்டவணையைப் போட்டுக் கொடுத்தவளே நீதான். உன் முழங்கால் எப்படி இருக்கிறது? பெரியவளுக்கு வேலை கிடைத்த செய்தியைத் தம்பி சொன்னான், மிகவும் மகிழ்ந்தேன். கலிபோர்னியாவின் பிக் சர் மாரத்தானை ஓடி முடித்துவிட்டேன். எடுத்துக்கொண்ட நேரம் 5 மணி 31 நிமிடம். உன் கணக்குப்படி 5 மணி 20 நிமிடத்தில் முடித்திருக்க வேண்டும் என்பது எனக்கு நினைவிருக்கிறது. கூடுதலான அந்தப் பதினொரு நிமிடங்களில் ஒன்பது எங்கே போயின என்பதைச் சொல்வதற்காகவே இந்தக் கடிதத்தை எழுதுகிறேன்.

ஓட்டத்தையும் ஊர் சுற்றுவதையும் கலந்தால் சேற்றில் ஒரு கால் ஆற்றில் ஒரு கால் என்று ஆகிவிடும் என்றாய். திமிங்கலம் பார்க்கப் போகிறாயா, ஓடப் போகிறாயா என்று கடைசித் தொலைபேசி உரையாடலில் நீ கேட்டபோது என்னிடம் பதில் இல்லை. இப்போது இருக்கிறது.

பந்தயம் ஏப்ரல் மாதத்துக் கடைசி ஞாயிறன்று நடக்கிறது. விடியும் முன்பே பேருந்துகளில் ஏற்றித் தெற்கே பிக் சரில் இறக்கிவிடுகிறார்கள். அங்கிருந்து கலிபோர்னியாவின் ஒன்றாம் எண் நெடுஞ்சாலை வழியாக, பசிபிக் கடலை இடப்பக்கம் வைத்துக்கொண்டு, வடக்கே கார்மல் வரை ஓடி வர வேண்டும். தொடக்கத்தில் ரெட்வுட் மரங்கள் காற்றை மறைத்துக்கொள்கின்றன. காட்டை விட்டு வெளியே வந்ததும் எதிர்க்காற்று முகத்தில் மோதத் தொடங்குகிறது. பத்தாவது மைலுக்குப் பக்கத்தில் ஜப்பானிய டைக்கோ முரசுகளை முழக்குகிறார்கள். அந்த ஒலி முதுகுக்குப் பின்னால் தேய்ந்துகொண்டே போக, ஹரிக்கேன் பாயிண்ட் என்னும் முனைக்கு இரண்டு மைல் ஓயாத ஏற்றம். நீ சொன்னபடி சிற்றடி வைத்து, மூச்சை மட்டுமே கவனித்து ஏறினேன். அதுவரை அட்டவணையில் ஒரு நிமிடம்கூடப் பிசகவில்லை.

உச்சியைத் தாண்டி இறங்கத் தொடங்கியபோது, கீழே பாறைகளுக்கு மிக அருகில், கெல்ப் என்னும் நெடிய கடற்பாசிகள் மண்டிய நீரில் ஒரு வெண்மூச்சு எழுந்தது. அடுத்து, அதை ஒட்டியே சிறியதாக இன்னொன்று. ஒரு தாய்ச் சாம்பல் திமிங்கலமும் அதன் குட்டியும். சாலையோரத்துக்கு விலகி நின்றுவிட்டேன். மேலிருந்து பார்த்ததால் தாயின் முதுகில் ஒட்டுயிர்கள் பதித்திருந்த வெண்தழும்புகளும், முதுகுத் துடுப்பே இல்லாத அந்த நீளமான உடலும் நீருக்குள் மங்கலாகத் தெரிந்தன. குட்டியின் உடல் தழும்பின்றி இருண்டிருந்தது. இருவரும் அவசரமில்லாமல் வடக்கு நோக்கிப் போய்க்கொண்டிருந்தார்கள். நாங்களும் வடக்கு நோக்கித்தான் ஓடிக்கொண்டிருந்தோம் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

உன் கேள்விக்கு நான் கண்ட பதில் இதுதான், வசந்தி. பந்தயத்தை ஒரு மூலையிலும் திமிங்கலத்தை வேறொரு மூலையிலும் வைத்து நடுவில் அலைந்தால் நீ சொன்ன சேறும் ஆறும்தான் மிஞ்சும். அவற்றின் பருவத்தில், அவற்றின் வழியை ஒட்டிய சாலையில் நடக்கும் பந்தயத்தைத் தேர்ந்துகொண்டால் இரண்டும் ஒரே பயணமாகிவிடுகின்றன. அந்தத் தாய் மெக்சிகோவின் பாஜா கலிபோர்னியா உப்பங்கழிகளில் குளிர்காலத்தில் குட்டியை ஈன்றிருப்பாள். அங்கிருந்து வடக்கே ஆர்க்டிக் பக்கத்துப் பெரிங், சுக்சி கடல்களுக்குப் போய்த் திரும்பினால் 16,000 கிலோமீட்டருக்கும் மேலாகிறது. வழியில் அவள் பெரும்பாலும் எதுவும் உண்பதில்லை. கடந்த கோடையில் சேர்த்த கொழுப்பை எரித்து நீந்துவதோடு, பிறக்கும்போதே நாலரை மீட்டர் நீளமிருந்த ஒரு பிள்ளைக்குப் பாலும் கொடுக்கிறாள். முப்பதாவது கிலோமீட்டருக்குப் பிறகு தசையில் சேர்ந்த மாவுச்சத்து தீர்ந்து கால்கள் மறுக்கும் நிலையை நீயும் நானும் அறிவோம். அதனால்தான் அந்த நீச்சலைப் பார்த்துக்கொண்டு நின்றபோது எனக்குக் கண்ணீர் வந்தது.

பிறகு ஓடினேன். பிக்ஸ்பி பாலத்தில் பெரிய பியானோவை வாசித்துக்கொண்டிருந்தவருக்கு முன்னால் எல்லோரும் படம் எடுத்துக்கொண்டார்கள், நான் நிற்கவில்லை. ஆறு மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டும் என்ற விதி மனத்தில் அடித்துக்கொண்டே இருந்தது. எஞ்சிய இரண்டு நிமிடங்கள் கார்மல் மேட்டு ஏற்ற இறக்கங்களில் போயின. அவற்றுக்கு நான் பொறுப்பு.

திரும்பிய நாள் முதல் என்னை உறுத்துவது வேறொன்று. பிக் சருக்குத் தெற்கே பியெத்ராஸ் பிளாங்காஸ் என்ற கலங்கரை விளக்க முனையில், வடக்கே போகும் தாய்களையும் குட்டிகளையும் 1994 முதல் ஆய்வாளர்கள் ஆண்டுதோறும் எண்ணி வருகிறார்கள். 2025-இல் கடந்து சென்றதாக மதிப்பிடப்பட்ட குட்டிகள் ஏறத்தாழ 85. அந்தக் கணக்கு தொடங்கியதிலிருந்து அவ்வளவு குறைவாக இருந்ததில்லை. 19-ஆம் நூற்றாண்டில் திமிங்கல வேட்டைக்காரர்கள் உப்பங்கழிகளுக்குள்ளேயே புகுந்து கொன்றார்கள். குட்டிக்காகப் படகை மோதி உடைத்த தாய்களுக்குப் ‘பிசாசு மீன்’ என்று பெயர் வைத்தவர்கள் அவர்கள். வேட்டை தடுக்கப்பட்ட பிறகு இனம் மீண்டு, 1994-இல் கிழக்குப் பசிபிக் கூட்டம் அமெரிக்காவின் அருகிவரும் உயிரினப் பட்டியலிலிருந்தே நீக்கப்பட்டது. 2016-இல் ஏறத்தாழ 27,000 என்று மதிப்பிடப்பட்ட கூட்டம் 2023-இல் 14,500 அளவுக்கு இறங்கியது. கடலடிச் சேற்றை உறிஞ்சி, இறாலை ஒத்த சிற்றுயிர்களை வடிகட்டி உண்ணும் விலங்கு இது. கடற்பனியின் அடியில் வளரும் பாசி கடலடியில் படிந்துதான் அந்தச் சிற்றுயிர்களுக்கு உணவாகிறது. வடக்கே பனி குறையக் குறைய அந்தச் சங்கிலி தளர்கிறது. நான் பார்த்த குட்டி எவ்வளவு அரிதான ஒன்று என்பது வீடு வந்து படித்த பின்புதான் தெரிந்தது.

அவற்றைப் பார்க்க நான் விமானத்தில் எரித்த எரிபொருளும் அதே பனியைத்தான் கரைக்கிறது. இதற்கு என்னிடம் நல்ல சமாதானம் இல்லை. ஆண்டுக்கு மூன்று பந்தயங்கள் என்றிருந்ததை இரண்டாண்டுக்கு ஒன்றாகக் குறைத்து, போகும் இடத்தில் நீண்ட நாள் தங்குவதென்று முடிவு செய்திருக்கிறேன்.

படகுப் பயணத்தை மட்டும் பந்தயத்துக்குப் பின்னால் வைத்துக்கொள்ள வேண்டும். இதில் நீ சொன்னது முற்றிலும் சரி. முந்தைய நாள் போய்க் குமட்டல் வந்தால், தசையில் சேர்த்தது, குடித்த நீர் எல்லாமே வீணாகிவிடும். மறுநாளும் கூடாது, தொடை நோவோடு ஆடும் தளத்தில் நிற்க முடியாது. இரண்டு நாள் கழித்து, விரிகுடாவை ஒட்டிய மான்டரே ஊரிலிருந்து போனேன். கரையை ஒட்டியே ஆழ்ந்து இறங்கும் கடலடிப் பள்ளத்தாக்கு அந்த விரிகுடாவில் இருக்கிறது. அதைக் கடக்கும் குட்டிகளுக்காக ஓர்காக்கள் என்னும் கொலைத் திமிங்கலங்கள் ஏப்ரல், மே மாதங்களில் காத்திருக்கும். தாய்கள் கரையோரக் கெல்ப் காட்டை ஒட்டிச் செல்வதற்கு அந்த அச்சமே காரணம் என்றார் மாலுமி. தொலைவில் ஒரு தாயையும் குட்டியையும் கண்டதும் அவர் நெருங்காமல் படகைத் திருப்பிவிட்டார். சிலர் முணுமுணுத்தார்கள். எனக்கு அவர்மீது மரியாதை கூடியது.

அடுத்ததற்கு நீயும் வர வேண்டும். ரெய்க்யாவிக் மாரத்தான் ஆகஸ்டில் நடக்கிறது. அது ஐஸ்லாந்தில் திமிங்கலங்களின் பருவமும்கூட. முழங்காலைக் கருதி நீ பத்து கிலோமீட்டர் ஓடினால் போதும், நான் முழுத் தூரம் ஓடுகிறேன். அதன்பின் வடக்கே ஹூசாவிக் போய் ஸ்க்யால்ஃபாண்டி விரிகுடாவில் கூன்முதுகுத் திமிங்கலங்களைப் பார்க்கலாம். அடுத்த ஆண்டில்லை, அதற்கடுத்த ஆண்டு. முழங்கால் தேற அவகாசம் இருக்கிறது. மருத்துவர் என்ன சொல்கிறார் என்று உடனே எழுது. சம்மதமென்றால் எனக்கான அட்டவணையை இப்போதே போடத் தொடங்கு. அதில் ஒன்பது நிமிடங்களைக் கடலுக்கென்று முன்கூட்டியே ஒதுக்கிவிடு.

அன்புடன்,
மாலதி