தம் வாயால் தாமே பேச: ஸ்காபரோ பெரியோர் ஆங்கில வகுப்புக்கு நன்கொடை வேண்டுகோள்

அன்பான உறவுகளுக்கு வணக்கம்.

கனடாவின் ரொறன்ரோ நகரைச் சேர்ந்த ஸ்காபரோவில் எங்கள் குழு நடத்திவரும் பெரியோருக்கான மாலை நேர ஆங்கில வகுப்பு, வரும் செப்டெம்பரில் புதிய தவணையைத் தொடங்க இருக்கிறது. இதுவரை தன்னார்வலர்களின் உழைப்பாலும், அவ்வப்போது சிலர் தந்து உதவிய சிறு தொகைகளாலும் சமாளித்து வந்தோம். இனி முறையாகப் பயிற்சி பெற்ற ஆசிரியர் ஒருவரைச் சம்பளத்துக்கு அமர்த்த வேண்டும். தூரத்திலிருந்து வருபவர்களின் பஸ் செலவை ஏற்க வேண்டும். அறை வாடகை கட்ட வேண்டும். அதற்காகவே உங்கள் வாசலுக்கு வந்திருக்கிறோம்.

"ஸ்காபரோவில் இருப்பவர்களுக்கு ஆங்கிலம் எதற்கு?" என்று எங்களிடம் கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். மளிகைக் கடையும் கோயிலும் வங்கியும் குடும்ப மருத்துவரும் தமிழிலேயே கிடைக்கும் இடம் இது. ஆனால் அந்தக் குடும்ப மருத்துவர் ஒரு நிபுணரிடம் போகச் சொல்லிக் கடிதம் தந்த நாளோடு தமிழ் முடிந்துவிடுகிறது. இரத்தம் எடுப்பவர் ஆங்கிலத்தில் பேசுகிறார். எக்ஸ்ரே எடுப்பவர் மூச்சை இழுத்துப் பிடிக்கச் சொல்கிறார். அவசர சிகிச்சைப் பிரிவில் தாதி வந்து, "உங்கள் வலி 0 முதல் 10 வரை எத்தனை?" என்று கேட்கிறார். அந்தக் கேள்விக்கு நோயாளியைத் தவிர வேறு யார் பதில் சொல்ல முடியும்? ஆனால் நம் வீடுகளில் பதில் சொல்வது பெரும்பாலும் பக்கத்தில் நிற்கும் மகன், அல்லது பள்ளிக்கு விடுப்புப் போட்டுவிட்டு வந்த பேத்தி.

பெற்ற பிள்ளைகள் உதவுவதை நாங்கள் குறை சொல்லவில்லை. ஆனால் பிள்ளையின் முன்னால் சொல்ல முடியாத சங்கதிகள் ஒரு தாய்க்கு இருக்கின்றன. மாதவிடாய் நின்று பல ஆண்டுகள் ஆன பிறகு மீண்டும் இரத்தப்போக்கு ஏற்பட்டால், அதைத் தாமதிக்காமல் மருத்துவரிடம் சொல்ல வேண்டும். கருப்பைப் புற்றுநோயின் அறிகுறியாகவும் அது இருக்கலாம். மகனை அருகில் உட்காரவைத்துக்கொண்டு எந்த அம்மா அதைச் சொல்லத் துணிவார்? "ஒன்றுமில்லை, கொஞ்சம் களைப்பு" என்று சொல்லிவிட்டு வீடு திரும்புவார். மருமகளோடு மனத்தாங்கல், வீட்டில் படும் அவமதிப்பு, மனச்சோர்வு, எல்லாமே இந்த இடத்தில்தான் அடைபட்டு நிற்கின்றன. தம் உடலைப் பற்றியும் தம் காரியங்களைப் பற்றியும் பெரியவர்கள் தம் வாயால் தாமே பேச வேண்டும். இந்த வகுப்பின் நோக்கம் இது ஒன்றுதான்.

எங்களிடம் வருபவர்கள் யார்? 1983க்குப் பிறகு அலை அலையாக வந்தவர்கள் பலர். 1986 ஆகஸ்டில் நியூபவுண்ட்லாந்துக் கரைக்கு அப்பால் உயிர்காப்புப் படகுகளில் தத்தளித்த 155 தமிழர்களை மீனவர்கள் காப்பாற்றிய காலத்திலேயே இந்த நாட்டுக்கு வந்தவர்களும் உண்டு. வந்த கையோடு வேலைக்குப் போனார்கள். தொழிற்சாலை, உணவகச் சமையலறை, இரவு நேரத் துப்புரவு; ஒன்று போதாமல் இரண்டு வேலை. ஊருக்கும் பணம் அனுப்ப வேண்டும், பிள்ளைகளையும் படிக்கவைக்க வேண்டும். அவர்கள் வகுப்புக்குப் போக நேரம் எங்கே இருந்தது? அவர்கள் கட்டிய வீடுகளில் வளர்ந்தவர்கள்தாம் இன்று மருத்துவர்களாகவும் வழக்கறிஞர்களாகவும் இதை வாசித்துக்கொண்டிருக்கிறீர்கள்.

இன்னொரு சாரார், பிள்ளைகள் பொறுப்பேற்றுப் பின்னாளில் வரவழைத்த பெற்றோர். குடியுரிமைக்கு மொழித் தகுதி கேட்பது 18 முதல் 54 வயது வரை உள்ளவர்களிடம் மட்டுமே. அதைக் கடந்தவர்களுக்கு விலக்கு. இரக்கமான விதிதான், அதை மாற்றச் சொல்ல மாட்டோம். ஆனால் யாரும் கேட்காததால் யாரும் சொல்லிக்கொடுப்பதும் இல்லை. கூட்டாட்சி அரசின் நிதியில் 1992 முதல் நடக்கும், புதிதாகக் குடியேறியவர்களுக்கான லிங்க் (LINC) மொழி வகுப்புகள் தரமானவை, இலவசமானவை. நிரந்தர வதிவிட உரிமை பெற்றவர்களும் அகதியாக ஏற்கப்பட்டவர்களும் அவற்றில் சேரலாம். குடியுரிமை எடுத்தவர்களுக்கு இடமில்லை. அகதிக் கோரிக்கை முடிவாகாமல் காத்திருப்பவர்களுக்கும் இல்லை. முப்பது ஆண்டு உழைத்து, வரி கட்டி, கனடியராகிவிட்ட ஒருவர் ஓய்வுபெற்ற பிறகு, "இனியாவது படிக்கிறேன்" என்று போனால் அந்தக் கதவு திறக்காது. மாகாண நிதியில் பள்ளிச் சபைகள் நடத்தும் வகுப்புகளில் குடியுரிமை உள்ளவர்களும் சேரலாம் என்பது உண்மை. பகலில் போய்வர முடிந்தவர்களை நாங்களே அங்கே அனுப்பிவைக்கிறோம். ஆனால் பகலில் பேரப்பிள்ளைகளைப் பார்ப்பவர் அம்மம்மாதான். மகள் வேலை முடிந்து வந்து கைமாற்றிய பிறகுதான் அவரால் வெளியே இறங்க முடியும். அதனால்தான் எங்கள் வகுப்பை மாலையில் வைத்திருக்கிறோம்.

பாடம் எப்படி நடக்கிறது என்று ஒருமுறை நேரில் வந்து பாருங்கள். இரண்டு நாற்காலிகளை முதுகோடு முதுகாகப் போட்டு இருவரை உட்காரவைப்போம். ஒருவர் மருத்துவமனை வரவேற்பாளர், மற்றவர் நோயாளி. தொலைபேசியில் முகம் தெரியாது. கையைக் காட்டிச் சமாளிக்க முடியாது. அதனால்தான் நேரில் ஓரளவு பேசுகிறவர்கள்கூட மணி அடித்தால் தொலைபேசியைப் பிள்ளையிடம் நீட்டிவிடுகிறார்கள். வரவேற்பாளராக இருப்பவர் பெயரை எழுத்துக் கூட்டச் சொல்வார். பத்துப் பன்னிரண்டு எழுத்துள்ள நம் பெயர்களை ஆங்கிலத்தில் கூட்டுவது லேசான வேலை அல்ல. "பி ஃபோர் பீட்டர், வி ஃபோர் விக்டர்" என்று ஒவ்வொரு எழுத்தாகச் சொல்லி முடித்ததும், எழுபது வயதைத் தொடும் ஓர் அம்மா நிமிர்ந்து உட்கார்ந்து, "ரீச்சர், இன்னொருமுறை" என்றார். வகுப்புக்கு வெளியே ஆசிரியரை அவர் "பிள்ளை" என்றுதான் கூப்பிடுவார்.

வீட்டிலிருந்து மருந்துக் குப்பிகளையும் கொண்டுவரச் சொல்கிறோம். குப்பியில் ஒட்டிய சிறு எழுத்தில் எத்தனை மாத்திரை, எத்தனை வேளை, சாப்பாட்டோடா வெறும் வயிற்றிலா என்று படிப்பதே அன்றைய பாடம். 15க்கும் 50க்கும் ஆங்கிலத்தில் உள்ள வேறுபாட்டைக் காதால் பிடிப்பதற்கு மட்டும் ஒரு மாலை முழுவதையும் செலவிடுவோம். "ஃபிஃப்டீன்" என்பதில் அழுத்தம் கடைசியில் விழும், "ஃபிஃப்டி" என்பதில் முதலில் விழும். மருந்தின் அளவில் இது விளையாட்டல்ல. மின்கட்டணக் கடிதம், வருமான வரித் துறையிலிருந்து வரும் கடிதம், கட்டட நிர்வாகம் கதவில் ஒட்டும் அறிவித்தல் என்று கைக்கு வந்ததெல்லாம் பாடப்புத்தகம்தான்.

அவசர உதவி எண்ணான 911ஐ அழைப்பதையும் பழக்குகிறோம். பொலிஸா, தீயணைப்பா, அம்புலன்ஸா என்பதுதான் அவர்கள் கேட்கும் முதல் கேள்வி. ஆங்கிலம் வராவிட்டால் மொழிபெயர்ப்பாளரை இணைத்துத் தருவார்கள். ஆனால் எந்த மொழி என்பதையாவது அவர்களுக்குப் புரியும்படி சொல்ல வேண்டும், விலாசத்தையும் சொல்லத் தெரிந்திருக்க வேண்டும். வீட்டில் தனியாக இருக்கும் முதியவருக்கு இந்த இரண்டும் உயிர் காக்கும்.

இவர்கள் ஒன்றும் தெரியாதவர்கள் அல்லர். ஊரில் தமிழில் படித்தவர்கள். ஆங்கிலம் ஒரு பாடமாக மட்டும் இருந்தது. கிராமப் பாடசாலைகளில் அதற்கும் ஆசிரியர் வாய்ப்பது அரிது. போரும் இடப்பெயர்வும் பலருடைய படிப்பைப் பாதியில் அறுத்தன. இங்கே வந்த பிறகு ஷிப்ட், ஓவர்டைம், சூப்பர்வைசர் என்று வேலைத்தளத்து ஆங்கிலம் கைவசமாயிற்று. இப்படிப்பட்டவர்களுக்கு இலக்கண அட்டவணையைக் கரும்பலகையில் எழுதிக் கற்பிக்கத் தொடங்கினால் இரண்டாம் வாரமே வராமல் நின்றுவிடுவார்கள். தெரிந்ததிலிருந்து தெரியாததற்குக் கைபிடித்து அழைத்துப்போகப் பெரியவர்களுக்குக் கற்பித்துப் பழகியவர் வேண்டும். ஆங்கிலம் கற்பிப்போருக்குச் சான்று வழங்கும் டெசல் ஒன்ராறியோ (TESL Ontario) அமைப்பின் சான்றிதழ் பெற்ற ஆசிரியரை நாங்கள் தேடுவது இதனால்தான். தன்னார்வலர்கள் அவருக்குத் துணையாக இருப்பார்கள்.

அடுத்தது பஸ். ஸ்காபரோ ஆர்.டி. ரயில் 2023 ஜூலையில் தடம் புரண்ட பிறகு மீண்டும் ஓடவே இல்லை. பல பேருக்குப் பஸ் மாறி மாறி வரும் பயணம்தான். 65 வயதைக் கடந்தவருக்கு பிரெஸ்டோ என்னும் பயண அட்டையில் ஒரு முறைக்கு 2.25 டாலர். ஏறியதிலிருந்து இரண்டு மணி நேரத்துக்கு அதே கட்டணம் செல்லும். ஆனால் வகுப்பே இரண்டு மணி நேரம் என்பதால் திரும்பும்போது மறுபடி கட்ட வேண்டியிருக்கிறது. ஆக ஒரு நாளைக்கு 4.50 டாலர், வாரம் இரண்டு வகுப்புக்கு 9 டாலர், பத்து வாரத் தவணைக்கு 90 டாலர். நமக்கு இது பெரிய தொகை அல்ல. கைச்செலவுக்கும் பிள்ளையிடம் கேட்க வேண்டிய நிலையில் இருக்கும் ஒரு முதியவர், இதைக் கேட்கக் கூச்சப்பட்டே வகுப்பை விட்டுவிடுகிறார். 90 டாலர் தருபவர் ஒருவரை ஒரு தவணை முழுவதும் வகுப்புக்கு வரவைக்கிறார். முடியாதவர்கள் ஒரு வாரத்துக்கான 9 டாலரைத் தந்தாலும் அதே நன்றியோடு வாங்கிக்கொள்வோம்.

வெளிப்படையாகச் சொல்ல வேண்டிய ஒன்று: நாங்கள் பதிவுபெற்ற அறநிறுவனம் அல்ல. அதனால் வரிச்சலுகைக்கான பற்றுச்சீட்டை எங்களால் வழங்க முடியாது. பெற்ற தொகைக்குக் குழுவின் பற்றுச்சீட்டு உண்டு. தவணை முடிவில் வரவு செலவுக் கணக்கை மண்டபத்தில் ஒட்டிவைப்போம், யாரும் பார்க்கலாம். பணம் திரட்டுவதற்காகப் படிக்க வருபவர் எவருடைய பெயரையும் படத்தையும் வெளியிட மாட்டோம்.

உயர்நிலைப் பள்ளியில் படிக்கும் பிள்ளைகள் வீட்டில் இருந்தால் அவர்களையும் அனுப்புங்கள். ஒன்ராறியோவில் பள்ளிப் படிப்பை முடிக்க 40 மணி நேரச் சமூகப் பணி கட்டாயம். அம்மம்மாக்களோடு வரும் பேரப்பிள்ளைகளைப் பக்கத்து அறையில் பார்த்துக்கொள்ளவும், உரையாடல் பயிற்சியில் எதிர்முனையில் பேசவும் ஆள் வேண்டும். தமிழும் ஆங்கிலமும் தெரிந்த பிள்ளை என்றால் இன்னும் நல்லது.

நன்கொடையை வகுப்பு நடக்கும் மாலைகளில் மண்டபத்தின் முன்மேசையில் இருக்கும் பொருளாளரிடம் பணமாகவோ காசோலையாகவோ தரலாம். பற்றுச்சீட்டு வாங்காமல் யாரிடமும் பணம் கொடுக்க வேண்டாம். ஆகஸ்ட் மாத முடிவுக்குள் சேரும் தொகையைப் பார்த்தே ஆசிரியரை எத்தனை மாலைகளுக்கு அமர்த்துவது என்று முடிவு செய்ய இருக்கிறோம். ஆகவே தர நினைப்பவர்கள் அதற்கு முன்பாகவே தந்து உதவுமாறு வேண்டுகிறோம்.

நன்றியுடன்,
பெரியோர் ஆங்கில வகுப்புக் குழுவினர்,
ஸ்காபரோ, ரொறன்ரோ