கைக்கருவி செய்கிறவர்களுக்கு: அந்த விரல் பள்ளங்களை எடுத்துவிடுங்கள்

கைக்கருவிகளை வடிவமைக்கும் நிறுவனத்தாருக்கு வணக்கம்.

குறடு, உளி, கத்தரிக்கோல், குரோஷே ஊசி என்று பொழுதெல்லாம் கையில் ஏதாவது ஒன்றோடு இருப்பவள் எழுதுகிறேன். பெட்டியின்மேல் ‘எர்கோனாமிக்’, அதாவது உடலுக்கு இசைவானது, என்று பெரிதாகப் போடுகிறீர்கள். பிரித்தால் பழைய கைப்பிடிதான்; மேலே ஒரு ரப்பர் உறை, நாலு விரலுக்கு நாலு பள்ளம்.

அந்தப் பள்ளங்கள் யாரோ ஒருவருடைய கைக்கு அளவெடுத்தவை. என் கை சின்னது. இரண்டு பள்ளங்களுக்கு நடுவிலிருக்கும் மேடு சரியாக என் விரலுக்கடியில் வந்து உட்கார்ந்து, அழுத்தும்போதெல்லாம் குத்துகிறது. அதோடு, வேலைக்கு நடுவே பிடி மாறிக்கொண்டே இருக்கும். உளியைத் தள்ளும்போது ஒரு பிடி, திருப்பும்போது வேறு பிடி. பள்ளம் அதற்கு விடுவதில்லை. வழுக்காத, லேசாக நீள்வட்டமான பிடி போதும்.

பள்ளத்தைவிட மோசம், குட்டையான குறடு. அதன் பிடி உள்ளங்கை நடுவிலேயே முடிந்துவிடுகிறது. கம்பியை நறுக்க நறுக்க, நரம்பும் ரத்தக்குழாயும் ஓடுகிற இடத்தில் அதன் நுனி அமுங்குகிறது. குறைந்தது 10 செ.மீ. நீளம் வேண்டும்; 12 இருந்தால் நல்லது. பருமனும் அப்படித்தான்: இறுக்கிப் பிடிக்கும் கருவிக்கு 3 முதல் 5 செ.மீ. விட்டம், நுணுக்க வேலைக்கு 1 செ.மீ. சுமார். மெல்லிய குரோஷே ஊசியை மணிக்கணக்கில் கிள்ளிப் பிடித்துப் பாருங்கள், கட்டைவிரல் சொல்லும்.

இடதுகைக்காரர்கள் கதை தனி. கத்தரிக்கோலின் பிடியை மட்டும் மாற்றி ‘இரு கைக்கும்’ என்று விற்காதீர்கள். அலகுகளே இடம் மாற வேண்டும். இல்லையென்றால் வெட்டும் கோடு மறைகிறது, அலகுகளும் விலகிக்கொள்கின்றன.

செய்ய முடியாததையா கேட்கிறேன்? மூட்டுவாதத்தால் மனைவி பெட்ஸி தோல்சீவியைப் பிடிக்கச் சிரமப்பட்டதைப் பார்த்துத்தான் அமெரிக்கத் தொழிலதிபர் சாம் ஃபார்பர் பருத்த, மெத்தென்ற கைப்பிடிகளில் இறங்கினார். 1990-இல் ஆக்ஸோ என்ற பெயரில் வந்த அந்தச் சமையலறைச் சாமான்களை, கை வலியே இல்லாதவர்களும் விரும்பி வாங்கினார்கள்.

சரி, உடனே செய்யக்கூடியது: பிடியின் நீளம், விட்டம், குறடு விரியும் அகலம், எடை நாலையும் பெட்டியில் அச்சிடுங்கள். இரண்டு அளவுகளிலாவது செய்யுங்கள். அப்புறம், விற்பனைக்கு விடுமுன் சின்னக் கை, பெரிய கை, வலிக்கும் கை என்று சிலரிடம் கொடுத்து ஒரு நாள் முழுக்க வேலை செய்யச் சொல்லுங்கள். கடையில் இரண்டு நிமிஷம் பிடித்துப் பார்த்தால் எந்தக் குறடும் நன்றாகத்தான் இருக்கும்.

இப்படிக்கு,
ஒரு கைவினைக்காரி