பறிக்காமல் விட்டவர்களுக்கு ஒரு நன்றி மடல்

ஸ்ரீரங்கத்தில் எங்கள் தெருவிலும் அக்கம்பக்கத் தெருக்களிலும் குடியிருக்கும் எல்லோருக்கும் வணக்கம்.

தெருமுனையில் குப்பை கொட்டிக் கிடந்த பொது இடம் இன்றைக்குத் தேனீக்களும் வண்ணத்துப்பூச்சிகளும் வந்துபோகிற தோட்டமாகிவிட்டது. ஐப்பசி மழைக்குப் பிறகு பார்க்க வந்தவர்கள் எல்லோரும் கேட்டது, இதை யார் நட்டார்கள், யார் தண்ணீர் ஊற்றுகிறார்கள் என்றுதான். குழி வெட்டியவர்கள், குடம் தூக்கியவர்கள் யார் யார் என்று தெருவுக்கே தெரியும். அவர்களுக்கு நேரிலேயே நன்றி சொல்லிவிட்டோம். இந்த மடல் பெரும்பாலும் வேறு சிலருக்கு. கைக்கெட்டும் பூவைப் பறிக்காமல் விட்டவர்கள், புழுவைக் கண்டும் மருந்து அடிக்காதவர்கள், தேன்கூட்டைக் கொளுத்தச் சொல்லாமல் பொறுத்தவர்கள். இவர்கள் இல்லாவிட்டால் அந்த இடத்தில் செடிகள் இருந்திருக்கும், தேடி வர ஒரு பூச்சிகூட இருந்திருக்காது.

முதல் நன்றி பூஜைக்குப் பூப் பறிக்கிறவர்களுக்கு. நம் ஊரில் இது சின்ன விஷயம் இல்லை. தொண்டரடிப்பொடியாழ்வார் நந்தவனம் வைத்து அரங்கனுக்கு மாலை கட்டிக் கொடுத்த ஊர் இது. விடிவதற்குள் கூடையோடு கிளம்புகிற வழக்கம் இன்றும் பல வீடுகளில் இருக்கிறது. ஆனால் அரளி, நந்தியாவட்டை, செம்பருத்தி எல்லாம் இருட்டோடு கூடைக்குப் போய்விட்டால், வெயில் ஏறியபின் தேடி வரும் வண்டுக்கும் தேனீக்கும் ஒன்றும் மிஞ்சாது. இதை எப்படிச் சொல்வது என்று தயங்கிக்கொண்டிருந்தோம். வழி சொன்னவர் தினமும் பூப் பறிக்கிற ஒரு மாமியேதான். பாதையை ஒட்டிய கிளைகள் பெருமாளுக்கு, உள்பக்கம் இருப்பது செடியிலேயே இருக்கட்டும் என்றார். காலையில் நடக்கப் போகிறவர்களிடமும் அவரே பேசினார். இன்றுவரை அந்த ஏற்பாட்டை யாரும் மீறவில்லை.

துளசிக்கும் அப்படித்தான். கதிர் விட்டால் கிள்ளிவிட வேண்டும், அப்போதுதான் செடி தழைக்கும் என்று எல்லா வீட்டிலும் சொல்லித்தான் வளர்த்திருக்கிறார்கள். அது சரியும்கூட. ஆனாலும் மாடத்துத் துளசியைக் கிள்ளிவிட்டு, வாசல் ஓரத் தொட்டிகளில் இருப்பதைக் கதிரோடு விட்டுவைத்த வீடுகள் எங்கள் தெருவில் நிறைய. முற்பகலில் அந்தக் கதிர்களின் பக்கத்தில் நின்றால் கொசுத் தேனீக்களின் நடமாட்டத்தைப் பார்க்கலாம். கொட்ட முடியாத, கட்டெறும்பு அளவுகூட இல்லாத தேனீ அது. நம் ஊரில் பலர் அதை ஈ என்றுதான் நினைத்திருக்கிறார்கள்.

அந்தத் தேனீ இன்னும் எங்கள் தெருவில் இருக்கிறதென்றால் அதற்கு ஒரு கொத்தனார் அண்ணனுக்குத்தான் நன்றி சொல்ல வேண்டும். முற்றமும் கொல்லையுமாக நீளமாகக் கிடந்த பழைய வீடு ஒன்றை இடித்தபோது, ஒரு மர உத்திரத்தின் பொந்தில் இருந்து விரல் நீளத்துக்கு ஒரு குழல் நீட்டிக்கொண்டிருந்ததை அவர் கவனித்திருக்கிறார். மெழுகும் மரப்பிசினும் கலந்து தேனீக்கள் கட்டுகிற வாசல் அது. வாய்ப்பகுதியில் வட்டமாகக் காவல் தேனீக்கள் உட்கார்ந்திருக்கும். வேலையை நிறுத்திவிட்டு எங்களுக்குச் சொல்லி அனுப்பினார். இருட்டியதும், வெளியே போனவை எல்லாம் கூடு திரும்பியபின், குழலைப் பஞ்சால் அடைத்து, உத்திரத்தின் அந்தத் துண்டை மட்டும் அறுத்துத் தோட்டத்து நிழலில் கொண்டுவந்து வைத்துக் கொடுத்தார். கூலி வாங்கிக்கொள்ள மறுத்துவிட்டார். அண்ணா, அந்தக் கூடு நன்றாக இருக்கிறது. இரண்டு தெரு தள்ளி ஒரு மீட்டர் பெட்டிக்குள் புதிதாக ஒரு கூடும் வந்திருக்கிறது.

மலைத்தேனீ விஷயம் இவ்வளவு எளிதாக இல்லை. அடுக்குமாடிக் குடியிருப்பில் மூன்றாவது மாடி சன்ஷேடுக்கு அடியில் மாசி கடைசியில் ஒரு பெரிய அடை தொங்கியது. மலைத்தேனீ பொந்துக்குள் கட்டாது. ஒரே அடையாக, திறந்தவெளியில்தான் கட்டும். கலைத்தால் கூட்டமாக வந்து கொட்டும். ஆகவே பயந்தவர்களைக் குறை சொல்ல ஒன்றும் இல்லை. தீப்பந்தம் பிடிக்க ஆளும் ஏற்பாடாகிவிட்டது. அந்த நேரத்தில் குடியிருப்புச் சங்கத்தின் செயலாளர் எல்லோரையும் உட்கார வைத்துப் பேசினார். இரவில் இந்தத் தேனீ வெளிச்சத்தைத் தேடி வரும். அதனால் அந்தப் பக்கத்து விளக்குகளை அணைத்துவிடுவது, மாலைக்கு மேல் ஜன்னல்களைச் சாத்திவைப்பது, கீழே பிள்ளைகள் பந்து விளையாடாமல் பார்த்துக்கொள்வது, சாம்பிராணிப் புகையும் பட்டாசும் அந்தப் பக்கம் வேண்டாம் என்று முடிவானது. நேர் எதிர் வீட்டில் தேனீ கொட்டினால் ஒத்துக்கொள்ளாத ஒருவர் இருக்கிறார். மருத்துவரிடம் கேட்டு மருந்தைக் கையில் வைத்துக்கொண்டு அந்தக் குடும்பம் பின்பக்க அறைகளுக்கு மாறியது. அவர்கள் ஒரு வார்த்தை வேண்டாம் என்று சொல்லியிருந்தால் நாங்களே அந்தக் கூட்டை எடுக்கச் சொல்லியிருப்போம். வேம்பும் புங்கமும் பூத்து ஓய்ந்தபின் கூட்டம் தானாகவே கிளம்பிவிட்டது, வெறும் அடைதான் மிஞ்சியது. எல்லா இடத்திலும் இப்படி விட்டுவைக்க முடியாது. பள்ளிக்கூடத்திலோ மருத்துவமனையிலோ கட்டினால் தீயணைப்புத் துறையையோ பழக்கமுள்ள ஆட்களையோ கூப்பிடத்தான் வேண்டும். ஆனால் எங்கள் தெரு பொறுத்துக்கொண்டதால், அந்தக் கோடையில் கொல்லைகளில் இருந்த முருங்கையும் பூசணியும் என்ன காய் காய்த்தன என்று நீங்களே பார்த்தீர்கள்.

கத்திரிக்காய்க்கு மட்டும் தேனீ போதாது. அதன் மகரந்தப் பையின் நுனியில் சின்னத் துளைதான் இருக்கும், உலுக்கினால்தான் தூள் கொட்டும். பெரிய கருவண்டு பூவைப் பிடித்துக்கொண்டு உடம்பை அதிரவைத்து அதைச் செய்யும், தேனீ செய்யாது. கருவண்டு காய்ந்த மரத்தில் துளை போட்டு முட்டை வைக்கும். பட்டுப்போன முருங்கைக் கட்டையை விறகுக்கு வெட்டாமல் அப்படியே நிற்க விட்ட வீட்டுக்காரருக்கு நன்றி.

அடுத்து கறிவேப்பிலை கொடுத்த அம்மாக்கள், அக்காக்கள். ஆரம்பத்தில் ஒரு நர்சரியில் இருந்து வாங்கிய கன்றுகளில் வண்ணத்துப்பூச்சிப் புழுக்கள் இரண்டு நாளில் சுருண்டு விழுந்தன. விற்பனைக்கு வளர்க்கிற கன்றுகளில் பல நேரம் செடிக்குள்ளேயே ஊடுருவுகிற பூச்சிமருந்து இருக்கும், இலையைத் தின்றாலே புழுவுக்குச் சாவு. இதைக் கேள்விப்பட்டதும் கொல்லையில் பழைய மரம் வைத்திருந்தவர்கள் வேரில் இருந்து கிளம்பும் பக்கக் கன்றுகளைத் தோண்டிக் கொடுத்தார்கள். மருந்தே பார்க்காத மரங்கள் அவை. இப்போது கறிவேப்பிலை அழகி என்கிற வண்ணத்துப்பூச்சியின் புழுக்கள் அவற்றில்தான் வளர்கின்றன. குட்டியாக இருக்கும்போது பறவை எச்சம் மாதிரியே இருக்கும், யாரும் ஏறெடுத்துப் பார்க்க மாட்டார்கள். தோல் உரித்து உரித்துப் பெரிதானதும் இலைப் பச்சைக்கு மாறிவிடும். லேசாகத் தொட்டால் தலைக்குப் பின்னால் இருந்து சிவந்த இரட்டைக் கொம்பை வெளியே நீட்டும், கூடவே ஒரு வாடையும் வரும். அப்புறம் கொம்பை உள்ளே இழுத்துக்கொள்ளும். ரசத்துக்கு இலை பறிக்கப் போன இடத்தில் இதைப் பார்த்துவிட்டு, வேறு கிளையில் பறித்துக்கொண்டு வந்த எல்லோருக்கும் நன்றி.

இந்த வண்ணத்துப்பூச்சியில் இன்னொரு விஷயம் இருக்கிறது. பெண் பூச்சிகளில் பல, உடம்பு சிவந்த ரோஜா அழகி என்கிற வேறொரு வண்ணத்துப்பூச்சியின் வேஷத்தில் இருக்கும். ரோஜா அழகி ஈஸ்வரமூலிக் கொடியில் புழுவாக இருக்கும்போதே அதன் நஞ்சைச் சேர்த்து வைத்துக்கொள்வதால் பறவைகள் அதைத் தொடாது. அந்தப் பயத்தில் வேஷம் போட்டதும் பிழைத்துக்கொள்ளும். ஈஸ்வரமூலி இப்போது ஊருக்குள் கிடைப்பதே அபூர்வம். தன் மருந்துத் தோட்டத்தில் இருந்து விதை கொடுத்த சித்த வைத்தியர் ஐயாவுக்கு எங்கள் வணக்கம். இலையை எல்லாம் புழு தின்றுவிட்டதே என்று சொன்னபோது, அதற்குத்தானே கொடுத்தேன் என்றார்.

பூக்கார அக்கா சொல்லித் தந்தது எங்களில் பலருக்குப் புதிது. அடுக்கு நந்தியாவட்டையும் அடுக்குச் செம்பருத்தியும் பார்க்க நிறைவாக இருக்கும், ஆனால் தேனீ சீண்டாது, ஒற்றைப் பூவாக வையுங்கள் என்றார். அடுக்குப் பூவில் மகரந்தம் தருகிற கேசரங்களே இதழாக மாறிவிடுகின்றன. பூச்சிக்கு அங்கே கிடைப்பது கொஞ்சம்தான். தினமும் மொட்டும் பூவுமாகப் புழங்குகிறவர் கண்ணில் பட்டது அது.

தூய்மைப் பணியாளர்களுக்குச் சொல்ல வேண்டிய நன்றி பெரியது. ஓரத்தில் முளைக்கும் தும்பை, மூக்குத்திப்பூ, கிலுகிலுப்பை எல்லாவற்றையும் கொத்தி எடுப்பதுதான் அவர்களுக்குக் கொடுக்கப்பட்ட வேலை. எடுக்காவிட்டால் மேலே இருந்து கேள்வி வரும். அப்படியிருந்தும், கயிறு கட்டி அடையாளம் வைத்த பகுதியை விதை உதிரும்வரை விட்டுவைத்தார்கள். கேள்வி வந்தபோது பதில் சொல்ல எங்களையும் அழைத்துப் போனார்கள். குப்பையை அள்ளி அந்த இடத்தை முதலில் மண்ணாகக் காட்டியவர்களும் அவர்கள்தான், குப்பையை மக்கவைத்து உரமாக்கும் நுண் உர மையத்தில் இருந்து எரு கொண்டுவந்து கொட்டியவர்களும் அவர்கள்தான். கொள்ளிடக் கரைப் பக்கம் தேள்கொடுக்குச் செடியை வெட்டாமல் விட்டதும் ஒரு பணியாளர் அக்காதான். தென்மேற்குப் பருவமழைக்கு முன்னால் மேற்கு மலைகளில் இருந்து கிழக்கே கூட்டம் கூட்டமாகக் கிளம்பும் நீல வரியன் வண்ணத்துப்பூச்சிகள் அந்தச் செடியில் மொய்த்ததைப் பார்த்தவர்களுக்கு அதன் அருமை தெரியும். ஆண் வண்ணத்துப்பூச்சி அதன் காய்ந்த தண்டிலும் இலையிலும் இருந்து ஒரு சாரத்தை உறிஞ்சி எடுத்து, பெண்ணைக் கவரும் வாசனையை அதில் இருந்து தயாரித்துக்கொள்கிறது.

டெங்கு தடுப்புப் பணிக்கு வீடு வீடாக வரும் பெண்களுக்கும் நன்றி. தேனீக்கு வைக்கிற தண்ணீர்த் தட்டு கொசுவுக்கும் இடம் கொடுத்துவிடுமோ என்று நமக்கும் கவலை இருந்தது. முட்டை கொசுவாகப் பறக்க ஒரு வாரமாவது ஆகும். மூன்று நாளைக்கு ஒருமுறை தட்டைத் தேய்த்துக் கழுவித் தண்ணீர் மாற்றுங்கள், வெறுமனே கொட்டினால் ஓரத்தில் ஒட்டிய முட்டை போகாது என்று சொல்லிக் கொடுத்தார்கள். நாமும் தொட்டி, டயர், தேங்காய் மட்டை என்று தெரு முழுக்கப் பார்த்துச் சுத்தம் செய்ததால், காய்ச்சல் இல்லாத காலத்தில் தோட்டத்துப் பக்கம் புகை அடிக்க வேண்டாம் என்ற நம் வேண்டுகோளை ஏற்றுக்கொண்டார்கள். காய்ச்சல் வந்தால் அடிக்கட்டும், அதில் நமக்கு மறுப்பு இல்லை.

மேலூர் வண்ணத்துப்பூச்சிப் பூங்காவைப் பற்றிச் சொல்லாமல் முடியாது. காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே 2015இல் திறந்த அந்தப் பூங்கா பக்கத்திலேயே இருப்பது நம் அதிர்ஷ்டம். எந்தப் புழு எந்த இலை தின்னும் என்பதைப் பிள்ளைகள் அங்கேதான் நேரில் பார்த்துக் கற்றார்கள். 2020 முதல் செப்டம்பரை நாடு முழுக்க வண்ணத்துப்பூச்சி மாதமாகக் கொண்டாடுகிறார்கள். பள்ளிப் பிள்ளைகள் அதை ஒட்டி நம் தோட்டத்திலும் கணக்கெடுத்தார்கள். 2019இல் மாநில வண்ணத்துப்பூச்சியாக அறிவிக்கப்பட்ட தமிழ் மறவன் வருமா என்று கேட்டவர்கள் உண்டு. அது மலைக்காட்டுப் பூச்சி, நம் தெருவில் எதிர்பார்க்க முடியாது. ஆனால் பிள்ளைகள் தேடிய தேடலில், ஒருநாள் செவ்வரளி இலைக்கு அடியில் வெண்புள்ளிக் கருப்பன் வண்ணத்துப்பூச்சியின் கூட்டுப்புழுவைக் கண்டுபிடித்தார்கள். புதிதாக மெருகு போட்ட வெள்ளி ஜிமிக்கி மாதிரி தொங்கியது. எட்டிப் பார்த்த பிள்ளைகளின் முகம் அதில் தெரிந்தது. பூப் பறிக்க வந்த தாத்தா ஒருவர் கூடையைக் கீழே வைத்துவிட்டு அவர்களோடு குனிந்து பார்த்தார். அந்தச் செடியை அது பறந்துபோகும்வரை யாரும் தொடவில்லை.

விடுபட்டவர்கள் இருப்பார்கள். டீக்கடையில் கழுவின பெயிண்ட் வாளிகளைத் தொட்டிக்கு என்று எடுத்து வைத்தவர், மே மாத வெயிலில் தன் வீட்டுக் கிணற்று மோட்டாரைப் போட்டுக் குழாய் இழுத்துக் கொடுத்தவர், ஆட்டோவில் எரு மூட்டை ஏற்றி வந்தவர் என்று. எல்லோருக்கும் நன்றி.

ஆடியில் அடுத்த நடவு. ஈஸ்வரமூலி விதையும், கதிரில் காயவிட்ட துளசி விதையும், ஒற்றை நந்தியாவட்டைப் பதியன்களும் எடுத்து வைத்திருக்கிறோம். ஞாயிறு காலையில் தோட்டத்துக்கு வந்து வாங்கிக்கொள்ளலாம், காசு வேண்டாம். கொல்லையோ மொட்டைமாடியோ இல்லாதவர்கள் ஜன்னல் ஓரத்தில் ஒரு தொட்டி வைத்தாலும் போதும், மருந்து மட்டும் அடிக்காதீர்கள்.

அன்புடன்,
தெருத் தோட்டத்தைப் பார்த்துக்கொள்கிற எல்லோர் சார்பிலும்