இன்ஜின் விளக்கு எரிந்தால் சாலினாய்டை உடனே மாற்ற வேண்டுமா?

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

சென்ற வாரம் ஒரு பெட்ரோல் கார் எங்கள் பணிமனைக்கு வந்தது. சிக்னலில் நின்றால் இன்ஜின் நடுங்குகிறது, மேடு ஏறினால் இழுவை இல்லை, மைலேஜும் குறைந்துவிட்டது என்றார் உரிமையாளர். ஸ்கேனரில் பி0011 என்ற பழுதுக் குறியீடு வந்ததால் வேறோர் இடத்தில் வி.வி.டி. (வால்வு திறக்கும் நேரத்தை மாற்றும் அமைப்பு) சாலினாய்டைப் புதிதாக மாற்றியிருந்தார்கள். நான்கே நாளில் விளக்கு மறுபடியும் எரிந்தது. நாங்கள் முதலில் ஆயில் குச்சியை உருவிப் பார்த்தோம். ஆயில் கீழ்க்கோட்டுக்கும் கீழே இருந்தது; விரலில் தொட்டால் தார்போல் ஒட்டியது.

அந்தச் சாலினாய்டு மின்சாரத்தால் இயங்கும் ஓர் ஆயில் குழாய்த் திருகு, அவ்வளவுதான். இன்ஜின் கணினி சொல்லும் அளவுக்கு அது ஆயிலைத் திறந்துவிட, அந்த அழுத்தத்தில் வால்வுகளைத் திறக்கும் கேம்ஷாஃப்ட்டின் முனையிலுள்ள ஃபேஸர் என்ற பாகம் சில டிகிரி திரும்புகிறது. வால்வுகள் திறக்கும் நேரம் அப்படித்தான் முன்பின்னாக மாறுகிறது. ஆயில் குறைந்தாலோ கெட்டுப்போனாலோ புத்தம்புதிய சாலினாய்டும் என்ன செய்யும்? பி0011 என்றால் உள்வால்வுகளை (காற்றை உள்ளே விடுபவை) இயக்கும் கேம்ஷாஃப்ட் கணினி சொன்ன இடத்தில் இல்லை என்று பொருள். யார் குற்றம் என்பதை அது சொல்வதில்லை. பி0010 வந்தால் மட்டும் சாலினாய்டின் காயில் (கம்பிச்சுருள்), ஒயர், கனெக்டர் பக்கம் முதலில் பார்ப்போம்.

ஆயிலைச் சரிசெய்த பின்தான் மல்டிமீட்டரை எடுப்போம். டொயோட்டாவின் பல இன்ஜின்களில் 20 டிகிரி செல்சியஸில் காயிலின் மின்தடை 6.9 முதல் 7.9 ஓம் வரை இருக்க வேண்டும். மற்ற வண்டிகளுக்கு அந்தந்த நிறுவனத்தின் கையேட்டைப் பார்ப்போம். அடுத்து, ஆக்சிலரேட்டரை மிதிக்காமல் இன்ஜின் ஐடிலில் ஓடும்போது சாலினாய்டுக்குச் சில விநாடிகள் மட்டும் மின்சாரம் கொடுப்போம். அப்போது இன்ஜின் தடுமாற வேண்டும், நின்றே போகலாம். பக்கத்தில் நிற்பவர்கள் பதறிவிடுகிறார்கள். உண்மையில் அது நல்ல அறிகுறி. ஐடிலில் உள்வால்வு சீக்கிரம் திறந்தால் எரிந்த புகையும் கலவையில் சேரும், அதனால்தான் தடுமாற்றம். ஒரு மாற்றமும் இல்லையென்றால் சாலினாய்டின் உள்ளே இருக்கும் தண்டு சிக்கியிருக்கிறது, அல்லது ஆயில் வந்து சேரவில்லை.

பிறகு கழற்றிப் பார்ப்போம். பல வண்டிகளில் ஆயில் வரும் வழியில் சுண்டுவிரல் நகம் அளவில் ஒரு கம்பி வலை இருக்கும். மேலே சொன்ன வண்டியில் அதன் கண்கள் ஒன்றுகூடத் தெரியாமல் கரும்பசை அடைத்திருந்தது. வலையைச் சுத்தம் செய்து, புதிய ஆயிலும் ஃபில்டரும் போட்டதும் நடுக்கம் நின்றது. குளிர்ந்த இன்ஜினை ஸ்டார்ட் செய்ததும் சில விநாடிகள் கடகடவென்று சத்தம் வந்தால் ஃபேஸரையும் கேம்ஷாஃப்ட்டைச் சுழற்றும் டைமிங் செயினையும் சோதிக்க வேண்டும். அது பெரிய வேலை.

உங்களிடம் மூன்று வேண்டுகோள். வருவதற்கு முன் பழுதுக் குறியீட்டை அழித்துவிடாதீர்கள். பழுது வந்த நேரத்து வெப்பம், வேகம் எல்லாம் அதோடு அழிந்துபோகும். கடைசியாக ஆயில் மாற்றிய பில்லைக் கொண்டுவாருங்கள். 0டபிள்யூ-20 என்ற மெல்லிய ஆயில் கேட்கும் இன்ஜினில், கெட்டியாக இருந்தால் நல்லது என்று 20டபிள்யூ-50 ஊற்றியிருந்தால் தயங்காமல் சொல்லுங்கள்.

எந்தப் பாகத்தையும் மாற்றாவிட்டாலும் சோதனைக்கான கூலி வாங்குவோம். கழற்றிய பாகத்தை உங்கள் கையில் கொடுத்துக் காட்டிய பிறகே பில் போடுவோம். இன்ஜின் குளிர்ந்திருக்கும்படி முதல் நாள் மாலையே வண்டியை விட்டுச்செல்லுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் பணிமனையினர்